இடாப்பில் இருந்த பெயர்

உடப்புசல்லாவைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் ஒரே ஒரு ஆசிரியர்தான் இருந்தார், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர். ஐந்து வகுப்புக்கும் அவரே, மணி அடிப்பதும் அவரே. டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாடிக் கட்டடமும் கம்ப்யூட்டரும் கொடுத்தவர்கள் எங்களிடம் மட்டும் தலைக்கணக்குக் கேட்டார்கள். பிள்ளைகள் போதுமான அளவு இருந்தால் இன்னொரு டீச்சர் வருவார். குறைந்தால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். டீச்சர் இல்லாததால்தான் பிள்ளைகள் குறைந்தார்கள் என்று சொன்னால் யார் கேட்பது? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற கதைதான்.

டவுனுக்கு ஏழு கிலோமீற்றர். பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் மூடினால் என் படிப்பு அதோடு சரி. எனக்கு அப்போது ஒன்பது வயது.

வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஒரு ஐயா பிள்ளைகளை எண்ண வருகிறார் என்று தெரிந்ததும் எங்கள் சேர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கே வந்துவிட்டார். தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து நாலு பிள்ளைகளை இரவல் பேசியாயிற்று, வரவு குறிக்கிற இடாப்பின்படி இன்னும் ஒன்று குறைகிறது என்றார்.

"இடாப்புல தர்ஷினி பேரு இன்னும் வெட்டாமதான் கெடக்கு. கூப்பிட்டா எந்திரிக்க ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

தர்ஷினி எங்கள் லயத்தில் கடைசி வீட்டுப் பிள்ளை. முதலாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அடைமழையில் மண் சரிந்து அடுப்போடு சேர்த்து அவர்கள் குசினியை மூடியபோது உள்ளே இருந்தாள். எல்லோரும் என் தங்கச்சியைப் பார்த்தார்கள். அவளுக்கு நாலரை வயது. இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில்லை.

"வேணாங்க சேர், செத்த பிள்ள பேரு..." என்று அம்மா இழுத்தாள்.

"ஒரு நாளைக்குத்தானே? பெரியவ படிக்கணும்னு நீதானே ஒத்தக்கால்ல நிக்கிற?" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். "சரின்னு சொல்லும்மா" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஐயா வருகிற அன்று காலை தர்ஷினியின் அம்மாவே வெள்ளை யூனிபோர்மைக் கொண்டுவந்து கொடுத்தாள். தர்ஷினியின் தோளுக்குக்கூட வராத என் தங்கச்சிக்கு அது அளவெடுத்ததுபோல் பொருந்தியது. விளிம்பில் புதுத் தையல் இருந்தது. எப்போது, யாரிடம் அளவு எடுத்தாள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் பனி புகுந்து கரும்பலகையே மங்கலாகத்தான் தெரிந்தது. ஐயா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தர்ஷினி என்றதும் தங்கச்சி எழுந்து, பழக்கி வைத்தபடியே "வந்திருக்கேன் சேர்" என்றாள். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் அந்த மனிதர், "வீடு எங்க மகள்?" என்று கேட்டுவிட்டார். அதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லையே!

தங்கச்சி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"அந்தா, எங்கம்மா நிக்கிறாங்க."

வெளியே பனிக்குள் நின்றது எங்கள் அம்மா இல்லை. தர்ஷினியின் அம்மா. அவள் தலையை மெல்ல ஆட்டினாள். ஐயா எங்களைப் பார்த்தார். வேலிக்கு ஓணான் சாட்சி, நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். அவர் சரி அடையாளம் போட்டுவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் தப்பித்தது. அடுத்த மாதமே புது டீச்சர் வந்தார். ஆனால் ஐயா எந்த நேரமும் திரும்பி வரலாம் என்பதால் தங்கச்சி தினமும் பள்ளிக்கூடம் வரவேண்டியதாயிற்று. "வீட்டுலயும் அந்தப் பேரச் சொல்லியே கூப்பிடுங்க, இல்லாட்டி பிள்ள மறந்துரும்" என்றார் சேர். கூப்பிட்டோம். கொஞ்ச நாளில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் பார்க்க ஆரம்பித்தாள். பொழுது சாய்ந்தால் கடைசி வீட்டிலிருந்து, "தர்ஷினீ, சுடுதண்ணி ரெடி, குளிக்க வா!" என்று குரல் வரும். இவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவாள். எனக்கோ ஒரே சந்தோஷம். என் புத்தகங்களைக் கிழிக்க ஆள் இல்லை.

ஒரு நாள் விளக்கு வைத்தும் அவள் வீடு திரும்பவில்லை. அம்மா வாசலில் நின்று அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னும் சத்தமாக, இரண்டு தரம், மூன்று தரம். லயமே எட்டிப் பார்த்தது. அவள் மட்டும் வரவில்லை. அம்மா கடைசி வீட்டுப் பக்கம் திரும்பினாள். பிறகு, "தர்ஷினி" என்றாள்.

"இந்தா வந்துட்டேன்" என்று ஓடி வந்தாள் தங்கச்சி.

அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு மறுநாள் புது டீச்சரின் கணக்குப் பரீட்சை. கூப்பிட்டதும் வந்துவிட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்கு இந்த அழுகை என்று எரிச்சலோடு கதவைச் சாத்திவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.