பூட்ஸின் அடியைத் தடவிப் பார்த்தவர்

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம், ஆஸ்திரேலியக் குளிர்காலத்தில், மெல்பர்னிலிருந்து பனிமலை ஏறப் போனபோது அவரைப் பார்த்தேன். அடிவாரத்தில் பூட்ஸ் வாடகைக்குத் தரும் கடையில் அவருக்கு வேலை. காதை மூடிய கம்பளித் தொப்பிக்குக் கீழே கலைந்த திருநீறு. மலையேற வருகிறவர் யாரானாலும், சொந்த பூட்ஸ் போட்டு வந்தாலும், முன்னால் மண்டியிட்டு, காலைத் தூக்கச் சொல்லி, பூட்ஸின் அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

என் முறை வந்தது. அப்பா வயதுக்காரரின் முகத்துக்கு நேரே பூட்ஸ் காலை நீட்டுவதா? பின்வாங்கினேன்.

"வேண்டாங்க. அடி நல்லாத்தான் இருக்கு."

"தமிழோ?" என்று நிமிர்ந்தார். "காட்டும் தம்பி. என்ரை மகனும் உப்பிடித்தான், அப்பாவுக்குக் காலைக் காட்டக்கூடாதெண்டு மறுத்தவன். நல்லாய் வளத்திருக்கிறன் எண்டு அண்டைக்கு எனக்குப் பெருமையாயும் இருந்தது. மேலை ஐஸிலை வழுக்கி விழுந்தவன், பிறகு எழும்பேல்லை. சப்பாத்தின்ரை அடி தேய்ஞ்சு கிடந்ததைப் பிறகுதான் கண்டனான்."

காலை நீட்டினேன். என்னுடையதும் தேய்ந்துதான் இருந்தது. அடியில் தேயாத ஆழமான பள்ளங்கள் உள்ள வேறு ஜோடியை எடுத்து வந்து, நாடாவையும் அவரே இறுக்கிக் கட்டிவிட்டார்.

மலையில் எனக்கு ஒருமுறைகூட வழுக்கவில்லை. மாலையில் இறங்கி வந்து பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அடியில் ஒட்டியிருந்த பனியை வெகுநேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவன் முகத்தை மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.