உனக்கு நீயே உப்புப் போட்டுக்கொள் என்றொரு குடும்பப் பெயர்

கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்து இறங்கிய நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சர்நேம் க்யா ஹை?" ரேஷன் கடையில் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சுனாபட்டியில் நாங்கள் குடியிருந்த சால் என்கிற ஒற்றையறை வரிசைக் குடியிருப்பில், பக்கத்து அறை மராத்திக்கார அக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள். எங்களுக்கு அப்படிக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்றால் வாலில்லாத மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அப்பா பெயரின் முதல் எழுத்தைப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதோடு எங்கள் ஊர்க் கணக்கு முடிந்துவிடும். பம்பாயில் அந்த எழுத்தைப் பிடித்து இழுத்து, நீட்டி, பின்னால் கொண்டுபோய் ஒட்டிவிடுவார்கள். இப்படியாக என் கணவருக்கு அவர் அப்பா பெயர் சர்நேம். எங்கள் மூத்தவனுக்கு என் கணவர் பெயர் சர்நேம். எனக்கு ஆஸ்பத்திரியில் என் அப்பா பெயர். ஒரே அறையில் மூன்று பேர், மூன்று சர்நேம். தபால்காரர் வெகுநாள் வரைக்கும் எங்கள் அறையை லாட்ஜ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த செக் நாட்டுக்காரர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். என் கணவர் செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து மரப்பெட்டிகளில் பெரிய பெரிய லேத் மிஷின்கள் வந்தன. கூடவே அவற்றைப் பூட்டி ஓடவைக்க ஒரு எஞ்சினீயரும் வந்தார். அவருக்குக் கையாளாக என் கணவரைப் போட்டார்கள். அந்த எஞ்சினீயர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. உலகத்திலேயே அந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்கள் அவ்வளவு சொற்பம். எழுதினால் வீட்டு விலாசத்தைக் கொடுத்ததற்குச் சமம்.

சீனச் சண்டைக்கு முந்தின வருஷம். எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். அதற்குச் சில மாதம் முன்புதான் என் அப்பா தவறிப்போயிருந்தார். அவருக்கு நான் ஒரே பெண். மூத்தவனுக்கு எங்கள் வழக்கப்படி மாமனார் பெயரை வைத்தாகிவிட்டது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாதே, அதனால் பெற்ற பிள்ளையை "பெரியவனே" என்றுதான் கூப்பிட்டேன். இரண்டாவது ஆணாகப் பிறந்தால் என் அப்பா பெயர் என்று நிச்சயம் செய்திருந்தேன். அப்பா இருந்தவரைக்கும் அவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட முடியாது. மகனுக்கு வைத்துவிட்டால் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அந்தப் பெயரைக் கூப்பிடலாம். எனக்கு அது ஒன்று போதும் என்றிருந்தது.

ஒருநாள் என் கணவர் வேலைவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. கையில் அடிபட்டுவிட்டதோ என்று பதறிப்போனேன்.

"இல்லட்டி. நம்ம எஞ்சினீயருக்கு மூணும் பொட்டப்புள்ள. அவருக்குப் பொறவு அந்தப் பேரே இருக்காதாம். டீ குடிக்கையில சொன்னாரு, சூப்பர்வைசர்தான் எனக்கு எடுத்துச் சொன்னாரு. எனக்கு மனசே கேக்கல. நமக்குப் பையன் பொறந்தா ஒம்ம பேருதான்னு சொல்லிட்டேன்."

"என்னது?"

"வாக்குக் குடுத்துட்டேன்."

"வாக்குக் குடுக்கதுக்கு நீங்களா சொமக்குதீய?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இது ஒரு பழக்கம். அந்தக் காலத்தில் ஊருக்கு வந்த வெள்ளைக்காரப் பாதிரிமாரின் குடும்பப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொந்தப் பெயராக வைத்துவிடுவார்கள். இங்கிலாந்தில் யாரோ ஒரு துரையின் பரம்பரைப் பெயரை எங்கள் ஊரில் பனையேறுகிறவர் வைத்திருப்பார், அவர் மருமகன் வைத்திருப்பார், அடுத்த தெருவில் ஆட்டுக்கறி விற்கிறவரும் வைத்திருப்பார். ஒருவருக்கொருவர் உறவுகூட இருக்காது.

"பாதிரிமாருன்னா நமக்குப் பள்ளிக்கூடம் கட்டித்தந்தாவ. இவரு என்ன தந்தாரு?"

"லேத் தந்தாருல்லா" என்றார் என் கணவர்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை. குழம்பை நங்கென்று வைப்பேன். அவர் மூத்தவனிடம் சொல்லி உப்பைக் கேட்பார். பிறக்கப்போவது பெண்ணாக இருந்தால் தகராறு தீர்ந்துவிடும் என்று பக்கத்து அறை அக்கா கணபதிக்கு வேண்டிக்கொண்டாள். கணபதி காது கொடுக்கவில்லை. ஆண்தான் பிறந்தான்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையைப் பார்க்க எஞ்சினீயரைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார் என் கணவர். அந்த வாரம் முழுக்க சாலே அவர் பெயரைச் சொல்லிப் பழகியது. யாருக்கும் வாயில் வரவில்லை. பெயருக்கு என்ன அர்த்தம் என்று எல்லோரும் கேட்டதற்கு, "சிங்கம்னு நெனக்கேன். ஆளப் பாத்தா அப்படித்தான் இருக்காரு" என்றார் என் கணவர்.

வந்தவர் சிங்கம் மாதிரி இல்லை. மே மாத வெயிலில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, வேகவைத்த நண்டு நிறத்தில், வாசலில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து வந்தார். தரையில் பாய் போட்டு உட்காரவைத்தோம். காலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு காலைக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டு, மற்றதை மூத்தவன் மடியில் வைத்துக்கொண்டார்.

என் கணவரின் இங்கிலீஷில் டைட், லூஸ், ஸ்டாப் மூன்றும்தான் உண்டு. நான் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். அதனால் கேள்வி கேட்கும் வேலை எனக்கு. உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் யோசித்தார். இலையின் ஓரத்தில் வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்தார். தன் சோற்றில் போட்டுக்கொண்டார். நெஞ்சைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னார்.

குழம்பில் உப்பு போதவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். மானம் போயிற்று. ஓடிப்போய் உப்புக் கொண்டுவந்து வைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு நெஞ்சைத் தொட்டார். என் கணவர் என்னை முறைத்துவிட்டு ஒரு கை உப்பை அள்ளிவைத்தார். மூன்றாவது தடவை பக்கத்து அறை அக்கா தன் வீட்டுக் கல்லுப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இலையில் இருந்த உப்பு மலையைப் பார்த்து எஞ்சினீயர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில் சொன்னார். "உனக்கு நீயே உப்புப் போட்டுக்கொள்." அதுதான் அவர் பரம்பரைப் பெயர்.

அவர் ஊர்ப் பக்கத்தில் இப்படி முழு வாக்கியமே குடும்பப் பெயராக இருப்பது உண்டாம். ஆதியில் அவர் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவர் ஒரு ஜமீந்தார் வீட்டில் சமையற்காரர். உப்பில்லை என்று ஜமீந்தார் கத்த, வேண்டுமானால் நீயே போட்டுக்கொள் என்று இவர் சொல்ல, வேலை போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டதாம். இது அவருடைய அப்பா சொன்ன கதை. அப்படியெல்லாம் இல்லை, அந்த ஆள் மகா கஞ்சன், விருந்துக்கு வருகிறவர்கள் உப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய அம்மா சொன்ன கதை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "கேட்டீயளா ஒங்க சிங்கத்த? நம்ம பிள்ளைக்கு உப்புப்போட்டுக்கோன்னு பேரு வைங்க. நல்லாருக்கும்" என்றேன். என் கணவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்போது எஞ்சினீயர் தன் இலையில் முருங்கைக்காய்த் துண்டுகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினார். அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் அந்த ஒரு இலைக்குள் அடங்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு கிராமம், அந்தப் பக்கம் ஒரு கிராமம். சண்டையில் செத்தவர்களை எடுத்து வெளியே வைத்தார். கிழவர்களை எடுத்தார். இது என் அண்ணன், பிள்ளையில்லை என்று அதையும் எடுத்தார். கடைசியாக ஒரு துண்டு, அவர். அதன் பக்கத்தில் மூன்று கறிவேப்பிலை, அவர் பெண்கள். கல்யாணம், வேறு பெயர். கல்யாணம், வேறு பெயர் என்று ஒவ்வொன்றாக இலைக்கு வெளியே தள்ளிவிட்டு, மிச்சமிருந்த முருங்கைக்காயை வாயில் போட்டு மென்றார். முருங்கைக்காயைச் சப்பித் துப்ப வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சக்கையோடு விழுங்கிவிட்டுக் காலி இலையைப் பார்த்தார்.

எனக்கு அழுகை வந்தது. அதனால் கோபமும் வந்தது. ஒரே பெண்ணைப் பெற்ற என் அப்பா இலை போட்டிருந்தால் அவர் இலையும் இப்படித்தானே இருந்திருக்கும்? அந்த மனிதர்மேல் பரிதாபப்பட எனக்குக் கொஞ்சம்கூட இஷ்டமில்லை. ஆனாலும் பட்டேன்.

அடுத்த ஞாயிறு தாராவிப் பக்கம் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம். எஞ்சினீயர் அதே கோட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நானும் என் கணவரும் அந்த வாரம் பேச்சுவார்த்தையே இல்லாமல் கழித்திருந்தோம். பிள்ளை போதகர் கையில். "இந்தப் பிள்ளைக்குப் பேர் என்ன?" என்று கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் என் அப்பா பெயரைச் சொல்லிவிட்டேன். கணீரென்று சொன்னேன். என் கணவர் தலை தொங்கிப்போயிற்று. நான் ஜெயித்துவிட்டேன். அத்தோடு வாயை மூடியிருக்க வேண்டும். முன்வரிசையில் அந்த நண்டு முகத்தைப் பார்த்தேன். அடுத்த மூச்சில் அவர் பெயரும் என் வாயிலிருந்து வந்து விழுந்தது.

போதகர் குழம்பிவிட்டார். "ரெண்டுல எதும்மா பேரு?"

"முதல்ல சொன்னது பேரு. ரெண்டாவது சர்நேம். பம்பாயில எல்லாவனும் கேக்கான்லா, வச்சுக்கிடட்டும்" என்றேன்.

தன் பெயர் காதில் விழுந்ததும் எஞ்சினீயர் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோலச் சட்டென்று எழுந்து நின்றார். முன்வரிசையில் துரை எழுந்ததைப் பார்த்து, ஜெபம் ஆரம்பித்துவிட்டது என்று சபை மொத்தமும் எழுந்து நின்றது. போதகருக்கு வேறு வழியில்லை. ஒரு ஜெபத்தைச் சொல்லி எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுத்தான் பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றினார்.

மிஷின்கள் ஓடத் தொடங்கியதும் எஞ்சினீயர் ஊருக்குப் போய்விட்டார். அடுத்து வந்த செக் நாட்டுக்காரர் மூலமாகச் சேதி தெரிந்தது. அவருக்கு நாலாவதும் பிறந்ததாம், அதுவும் பெண். ஆக, அவருக்குப் பிறகு அந்தப் பெயரைச் சுமக்க இருந்தவன் சுனாபட்டியில் மூக்கொழுகிக்கொண்டிருந்த என் சின்னவன்தான். இன்றைக்கு அவனுக்கு இரண்டு பையன்கள், அவர்களுக்கும் அதே பெயர். மருமகளும் அந்தப் பெயரைத்தான் போட்டுக்கொள்கிறாள். செம்பூரில் ஒரே ஃபிளாட்டில் நாலு பேர். அந்த இரண்டு கிராமத்தில் இப்போது எத்தனை என்று எனக்குத் தெரியாது. பேரன்கள் இருவரும் அட்டைக்கரி நிறம். எங்கள் முன்னோர் செக் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தார்கள்.

இரண்டு பெயரையும் வைத்துச் சாமர்த்தியமாகத் தீர்த்துவிட்டேன் என்றுதான் ஐந்தாறு வருஷம் நானும் நினைத்திருந்தேன். சின்னவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். பம்பாய்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சர்நேம் சொல்லித்தான் கூப்பிடுவாள். பிள்ளைகளும் அப்படியே. சாலிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. நாவு திருந்தாத வயதில் கற்றுக்கொண்டதால் அந்தப் பொடிசுகளுக்கு அது கஷ்டமாகவும் இல்லை. என் கணவரும் பெருமையாக அதையே கூப்பிட்டார். அப்பா பெயரைக் கூப்பிட்டது நான் ஒருத்திதான். சாயங்காலம் ஆனால் வாசலில் நின்று, தெருவே கேட்க, ஆசைதீரக் கூப்பிடுவேன்.

ஒருநாள் ரயில் பாதைப் பக்கம் அவன் பையன்களோடு கோலி ஆடிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நிமிர்ந்து அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டான். எனக்குக் கொதித்தது. கரண்டியோடு போய்க் காதைப் பிடித்தேன்.

"ஏலே, இம்புட்டு நேரம் தொண்ட கிழிய கத்துதேன். காது அடச்சா போச்சு?"

அவன் முழித்தான். "என்னயவா கூப்பிட்ட? நீ தாத்தாவக் கூப்பிடுதேன்னுல்லா நெனச்சேன். டெய்லி சாயங்காலம் கூப்பிடுவேல்லா, யம்மா. வருவாவளான்னு நானும் பாத்துக்கிட்டுதான் நிப்பேன்."

காதை விட்டுவிட்டேன். அப்பாவுக்காக நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.