தாராவி நேசம்மாள்

நேசம்மாளைச் சபைப் பாடற்குழுவில் வைத்து மேய்ப்பது மூப்பர் யோசுவாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. குரலில் குறையில்லை. தாராவித் தமிழ்ச் சபையில் அவளுக்கு ஈடாக இன்னொரு குரல் கிடையாது. தாளத்தில்தான் தகராறு. மற்றவர்கள் ஒவ்வொரு சொல்லையும் அடியின் மேல் சரியாக வைக்கும்போது, இவள் சற்றுப் பொறுத்து, சோம்பல் முறித்துக்கொண்டு எழுவதுபோல் பின்னால் வருவாள். ஆனால் வரி முடிகிற இடத்தில் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பாள்.

“எல்லாரோடயும் சேந்து பாடுளா,” என்பார் மூப்பர்.

“சேந்துதான் பாடுதேன். அவிய அவசரப்படுதாவ,” என்பாள்.

அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. 1943ஆம் வருஷம். தாய் இல்லை. அப்பா வேதமாணிக்கம் நாசரேத் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்த நாளாய்த் தாராவியில் தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று அவர் கால் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நேசம்மாள் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் பட்டறை ஒன்றில் மிஷின் மிதித்தாள்.

சண்டைக்காலம் ஆனதால் சீமையிலிருந்து டிரம்முக்குத் தோல் வருவது நின்றுவிட்டது. அதனால்தான் மெனேஸஸ் என்ற கோவாக்காரர் நல்ல கன்றுத்தோல் தேடித் தாராவிக்கு வந்தார். பதினான்கு பேர் கொண்ட டான்ஸ் பேண்டுக்கு அவர் தலைவர். டிரம் வாசிப்பவரும் அவரே. கடற்கரையோரம் வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் பெரிய ஹோட்டல் ஒன்றில் அந்த பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. கிடங்குக்குப் போகிற வழியில் சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்தது. மெனேஸஸ் வாசலில் நின்றவர் பயிற்சி முடியும்வரை நகரவில்லை.

“பின்னாலேயே வந்துகொண்டிருந்த அந்தக் குரல் யாருடையது?” என்று பம்பாய் ஹிந்தியில் கேட்டார்.

மூப்பர் கையைப் பிசைந்தார். “நம்ம பிள்ளைதான் சாப். எத்தனை சொன்னாலும் திருந்த மாட்டேங்குது.”

“திருத்தாதீர்கள்,” என்றார் மெனேஸஸ். “என் பேண்டில் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.”

மெனேஸஸ் அவளை ஹோட்டலுக்கு அழைத்துப்போனார். மானேஜர் வில்மட் துரை அவள் பாடுவதைக் கேட்டார், தலையசைத்தார், பிறகு எங்கிருந்து வருகிறாள் என்று விசாரித்தார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “அந்த ஊர்ப் பெயர் இந்தக் கட்டடத்துக்குள் யார் காதிலும் விழக்கூடாது,” என்றார். நேசம்மாள் அன்றைக்கே நெல்லி மோர் ஆனாள். லிஸ்பனிலிருந்து வந்தவள். முகத்துக்கும் கைகளுக்கும் பவுடர் பூச ஒருத்தியை ஏற்பாடு செய்தார்கள். விருந்தினர் யாருடனும் பேசக்கூடாது என்று உத்தரவு.

பெயர்தானே என்று நேசம்மாள் ஒப்புக்கொண்டாள். அவளுக்குப் பாட வேண்டும். பாட்டு முழுவதும் அவளுடையதல்ல. மேடையோரத்து நாற்காலியில் காத்திருந்து, நடுவில் ஒரு சுற்று மட்டும் எழுந்து பாடிவிட்டு மறுபடி உட்கார வேண்டும். ஆனால் அந்த ஒரு சுற்று! சாக்ஸபோன்கள் அடியில் மெத்தை விரித்ததுபோல் வாசிக்க, டிரம்பெட்டுகள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒன்றாக எழும்பும். சபையில் எது குற்றமோ அதற்கென்றே இங்கே பதினான்கு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சேதி தாராவிக்கு எட்ட அதிக நாள் ஆகவில்லை. மூப்பர் அவளைப் பாடற்குழுவிலிருந்து நீக்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேசம்மாள் பெண்கள் பெஞ்சில் முதல் வரிசையில் உட்கார்ந்து, அங்கிருந்தே பாடினாள். குழுவின் பாட்டு அவள் குரலுக்குள் மூழ்கிப்போனது. ஆராதனை முடிந்ததும் மூப்பர் வாசலில் மறித்தார்.

“டான்ஸ் ஹால்ல பாடுத வாயால இங்க பாடக்கூடாது.”

“எனக்கு இருக்கது ஒரு வாய்தான் மூப்பரே. கோயிலுக்கே வராதன்னு சொல்லுங்க, ஐயர்கிட்ட கேட்டுக்கிடுதேன். வந்த பெறவு பாடாதன்னு சொல்லாதீங்க.”

சபைப் போதகரான ஐயரிடம் போக மூப்பர் தயாராக இல்லை. அவள் பெஞ்சிலிருந்தே பாடிவந்தாள்.

வேதமாணிக்கம் ஒரு காலை, கஞ்சி குடிக்கும்போது, “ஒரு நா நீ பாடுதத நான் கேக்கணும்ளா,” என்றார்.

ஞாயிறு மாலைகளில் ஹோட்டலில் தேநீரோடு நடனம் உண்டு. வேதமாணிக்கம் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, வெள்ளை வேட்டியும் கல்யாணக் கோட்டும் அணிந்து போனார். வாசற்காவலன் அவரைப் படியேறவே விடவில்லை. அவர் சாலையைக் கடந்து கடலோரச் சுவரருகே நின்றார். ஜன்னல் வழியாக ஏதாவது காதில் விழும் என்று நினைத்திருக்க வேண்டும்.

மேஜைக்குத் தேநீர் கொண்டுபோகும் வெயிட்டர் ஒருவன் நேசம்மாளிடம் வந்து, வேட்டி கட்டிய ஒருவர் அவளைக் கேட்டதாகவும் காவலன் விரட்டியதாகவும் சொன்னான். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. சாட்டின் கவுனோடு நேரே வெளியே போய், சாலையைக் கடந்து, அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம்ளா. பின்வாசல் இருந்தா அப்படிப் போவோம்.”

“பின்வாசல் இருக்கு. நாம முன்வாசல்ல போறோம்.”

காவலன் திகைத்தான். வேட்டிக்காரரைத் தடுக்க அவனுக்கு உத்தரவு இருந்தது. மிஸ் நெல்லி மோரைத் தடுக்க இல்லை. அவன் முடிவெடுப்பதற்குள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள். ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் விலகி வழிவிட்டன. நேசம்மாள் மேடையேறி, தன் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்தாள்.

வில்மட் துரை மேடையோரம் வந்து, உதடு அசையாமல் கேட்டார். “யார் இந்த ஆள்?”

“என் அப்பா.”

“உன் அப்பா லிஸ்பனில் இருக்கிறார்.”

“இல்லை. இதோ இருக்கிறார்.”

அதற்குள் அவள் பாட வேண்டிய பாட்டு தொடங்கிவிட்டது. நேசம்மாள் மைக்கைப் பிடித்தாள். மிஷன் பள்ளி ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் பேசினாள். “என் பெயர் நேசம்மாள். என் ஊர் தாராவி. இவர் என் தகப்பனார் வேதமாணிக்கம். நீங்கள் கேட்கிற இந்த டிரம்மின் தோலைப் பதனிட்டவர் இவர்தான்.”

இரண்டு மேஜைகள் காலியாயின. ஒரு சீமாட்டி கையுறையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். பின்வரிசையில் சில சிப்பாய்கள் விசிலடித்தார்கள். அது கேலியா பாராட்டா என்று யாருக்கும் தெரியவில்லை. நேசம்மாள் பாடத் தொடங்கினாள். பேண்டை நிறுத்தச் சொல்லி வில்மட் துரை கழுத்தருகே கையால் வெட்டுவதுபோல் காட்டினார். மெனேஸஸ் அதைப் பார்த்தார். குச்சியைக் கீழே வைக்காமல், பேண்டுக்காரர்களைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். இன்னொரு சுற்று என்று அர்த்தம். வழக்கமாக ஒரு சுற்றோடு உட்காருகிறவள் அன்று பாட்டைக் கடைசிவரை நின்று பாடினாள்.

வேலை அன்றோடு போயிற்று. மெனேஸஸ் அவளோடு வெளியே வரவில்லை. பதினான்கு குடும்பங்கள் அந்த மேடையை நம்பியிருந்தன. அப்பாவும் மகளும் டிராமில் திரும்பினார்கள்.

“நீ நம்ம பேரச் சொன்னதும் ஒரு வெள்ளக்காரி எந்திச்சுப் போனாளே, பாத்தியா?” என்றார் வேதமாணிக்கம்.

“பாத்தேன்.”

“அதுக்குப் பெறவுதான் நான் நல்லா சாஞ்சு உக்காந்தேன்.”

அவள் மறுபடி சட்டை தைக்கப் போனாள். இடையில் வேறு ஹால்களில் கேட்டுப் பார்க்காமலில்லை. குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் உடனே சரி என்றார்கள். அடுத்ததாக ஒரு பெயரை நீட்டினார்கள். ஒருவர் டெய்ஸி என்றார். இன்னொருவர், தென்னாட்டு இளவரசி என்று போட்டுக்கொள்ளலாம், தலையில் ஒரு இறகு வைத்தால் போதும் என்றார். “எங்கப்பா ராஜா இல்ல,” என்று சொல்லிவிட்டு வந்தாள். பட்டறையில் மிஷின் சத்தத்துக்கு மேலே பாடினாள். அங்கேயும் ஒரு சூப்பர்வைசர் அவளை அடக்கப் பார்த்தான். பாட்டு நின்றபோது பெண்களின் கால்கள் தளர்ந்து தையல் மெதுவானதும், அவனே வந்து பாடச் சொன்னான். இன்றைக்கு மனசில்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள்தான் பாடினாள்.

சண்டை முடிந்து பட்டாளங்கள் கப்பலேறிய பிறகு, ஹோட்டல்களில் பெரிய பேண்டுகளுக்கு வேலை குறைந்தது. 1946 மழைக்காலத்தில் மெனேஸஸ் மறுபடி தாராவிக்கு வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் வீட்டு வாசலில் நின்றார்.

“ஹோட்டல் எங்களை அனுப்பிவிட்டது. பரேலில் ரயில்வேக்காரர்களின் ஹால் ஒன்று கிடைத்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் டான்ஸ். பாட ஆள் இல்லை.” பிறகு தயங்கினார். “அன்றைக்கு நான் உன்னோடு வெளியே வந்திருக்க வேண்டும்.”

“வந்திருந்தால் பதினான்கு வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஒரு சுற்று கூடுதலாக வாசித்தீர்கள், அது போதும்,” என்றாள் ஹிந்தியில். “போர்டில் என் பெயர் என்ன?”

“நீ சொல்வதுதான்.”

போர்டு எழுதுகிறவனிடம் அவளே போனாள். ‘தாராவி நேசம்மாள்’ என்று பேண்டின் பெயருக்குச் சமமான எழுத்தில் எழுதவைத்து, பெயின்ட் காயும்வரை அங்கேயே இருந்தாள்.

அந்த ஹாலுக்கு ரயில் கார்டுகளும் இன்ஜின் டிரைவர்களும் தங்கள் பெண்டாட்டிகளோடு வந்தார்கள்; பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்கள். கொஞ்ச காலத்தில், போர்டைப் பார்த்துவிட்டு, மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த தமிழ் ஃபிட்டர்கள் சிலரும் வந்து சுவரோரம் நின்று கேட்டார்கள். 1948இல் ஒரு சனிக்கிழமை நேசம்மாள் தானே கட்டிய பாட்டு ஒன்றைத் தமிழில் பாடினாள். தாராவியின் லேபர் கேம்ப் பகுதியில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வரிசையில் நின்று வம்பளப்பதைப் பற்றிய பாட்டு. எந்தப் பாஷையானாலும் தாளத்துக்கு நாலடி நாலடிதான் என்று சொல்லி மெனேஸஸ் டிரம்பெட்டுகளுக்கும் அதில் பங்கு வைத்திருந்தார். குடங்கள் மோதிக்கொள்கிற இடத்தில் டிரம்பெட்டுகளும் சண்டை போட்டன.

பாட்டு முடிந்ததும் ஹாலின் செயலாளர் மேடைக்கு விரைந்து வந்தார். உறுப்பினர்கள் இதற்காகச் சந்தா கட்டவில்லை, இங்கிலீஷ் பாட்டு மட்டும்தான் பாட வேண்டும் என்றார்.

“ஆட்டம் நின்றதா?” என்று கேட்டாள் நேசம்மாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஜோடிகள் ஆடுகிற இடத்தை விட்டு விலகாமல், கையைக் கோத்தபடியே மேடையை நோக்கி நின்றுகொண்டிருந்தன. சுவரோரத்து ஃபிட்டர்களில் ஒருவர் தன் மனைவியைக் கூச்சத்தோடு நடுவுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார்.

“அப்படியென்றால் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். இதே பாட்டை இன்னொரு தடவை பாடப்போகிறேன்.”