அடுத்தவன் சீட்டு

இது நடந்தது. யாரோ யாரிடமோ சொல்லி, கைமாறி என் காதுக்கு வந்த கதை இல்லை. நடந்தது என் தங்கையின் வீட்டுக்காரருக்கு. எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு. அவரே என் எதிரே உட்கார்ந்து, டீ ஆறிப்போகும்வரை இதைச் சொன்னார். பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிற ஆள் நான். அன்றைக்கு விடவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். தனியாக இருக்கும்போது படித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

மாப்பிள்ளை ஏசி மெக்கானிக். தங்கமான மனுஷன், சீட்டுக் கட்டு கண்ணில் படாதவரைக்கும். பட்டுவிட்டால் போச்சு. சம்பளத்தை ரம்மியில் விட்டார். தங்கையின் வளையல்களை விட்டார். சொந்த வண்டியை விட்டார். "இந்த ஒரே ஒரு ஆட்டம்" என்பார். அந்த ஒரே ஒரு ஆட்டம் விடிய விடிய நடக்கும். கடைசியில் ஒரு நாள் தங்கை பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். அழவில்லை. கத்தவும் இல்லை.

"இன்னொரு தடவை சீட்டைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சா, பாப்பாவைக் கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்க வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அது மாப்பிள்ளைக்கும் தெரியும்.

அதிலிருந்து எட்டு மாதம் அவர் தொடவில்லை. சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால்கூட நாலு, ஐந்து, ஆறு என்று வரிசை சேர்க்கிற மனசு அது. ராத்திரி தூக்கத்தில் விரல்கள் சீட்டு பிரிக்கும் என்று தங்கை சொல்வாள். ஆனாலும் மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பாப்பாவைத் தினமும் நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது அவர் பொறுப்பு. ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து ஒரு வேலை வந்தது. ஒரு சீட்டாட்டக் கிளப்பில் ஏசி கோளாறு.

அவர் முன்பு போய்க்கொண்டிருந்த கிளப் இல்லை. ஊரின் இன்னொரு மூலையில், ஒரு குடோனுக்கு மேல் மாடி. வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'வேலைக்குத்தானே போறேன்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பாவம், நல்லெண்ணத்தோடுதான் போனார்.

பட்டப்பகல். மதியம் ஒன்றரை இருக்கும். கிளப்பில் ஆட்கள் யாரும் இல்லை. மானேஜர் மட்டும் இருந்தார். பெரிய அறை. ஜன்னல் கிடையாது. கடிகாரம் கிடையாது. கிளப் நடத்துகிறவர்கள் கடிகாரம் மாட்ட மாட்டார்கள், ஆடுகிறவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும் அல்லவா? ஆறு மேஜைகள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அறை நன்றாகவே குளிர்ந்திருந்தது.

"நல்லாத்தானே சார் ஓடுது?"

"எல்லா இடமும் ஜில்லுன்னுதான் இருக்கு. அந்த மூலை மேஜையில ஒரு சேர் மட்டும் சூடா இருக்கு. யாரும் உட்கார மாட்டேங்கறாங்க."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார். துப்பாக்கி மாதிரி இருக்கும், நீட்டி அழுத்தினால் எதிரே இருப்பதன் சூட்டைக் காட்டும். சுவர் இருபத்திரண்டு டிகிரி. மேஜை இருபத்திரண்டு. மற்ற நாற்காலிகள் இருபத்திரண்டு.

அந்த நாற்காலி… முப்பத்தேழு.

பேட்டரி போய்விட்டதோ என்று மாற்றிப் பார்த்தார். முப்பத்தேழு. நாற்காலியைத் தூக்கி வேறு மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கேயும் முப்பத்தேழு. தொட்டுப் பார்த்தால், யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி இதமான சூடு. காய்ச்சல் இல்லாத ஒரு மனுஷனின் உடம்புச் சூடு.

"கீழே அடுப்பு ஏதாவது எரியுதா சார்?"

"குடோன்தான். அட்டைப் பெட்டி." மானேஜர் சாவியை எடுத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். "உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்குங்க. இல்லேன்னா ஆட்டக்காரனுங்க வந்து உட்கார்ந்துடுவானுங்க. நான் வந்து தட்டறேன்."

மாப்பிள்ளை தாழ்ப்பாள் போட்டார். நாற்காலியைப் பழைய இடத்திலேயே வைத்தார். ஏசியின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, ஏணி போட்டு ஏறி, ஏசியின் மூடியைக் கழற்றினார். உள்ளே அழுக்கு அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். காற்று நின்றதும் அறை புழுங்கியது. வேர்வை கண்ணில் இறங்கியது.

அப்போது பின்னால் கேட்டது.

சர்ர்ர்ர்… டப். சர்ர்ர்ர்… டப்.

சீட்டைக் கலைத்துத் தட்டும் சத்தம். உலகத்தில் எந்தச் சத்தம் மறந்தாலும் அவருக்கு அது மறக்காது.

திரும்பினார். மூலை மேஜையில் ஐந்து பேர்.

பயப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வேறு யாராக இருந்தாலும் தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் எப்படி வந்தார்கள் என்று கேட்டிருப்பார்கள். இவருக்கு அது தோன்றவே இல்லை. ஆட்டம் பிடித்தவன் எந்தச் சந்திலாவது நுழைந்து வந்துவிடுவான், அது அவர் அனுபவம். ஒருவர் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. ஒருவர் முழங்கையில் ஹெல்மெட். ஒருவர் காலடியில் காய்கறிப் பை. எல்லோரும் எங்கேயோ போகக் கிளம்பி, வழியில் உட்கார்ந்துவிட்டவர்கள். யாரும் தலை நிமிரவில்லை. ஒருவருக்கும் வேர்க்கவில்லை.

அந்தச் சூடான நாற்காலியில் இருந்தவர் மட்டும் எழுந்தார். சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, கொஞ்சம் பிடிச்சுக்கோ. நான் வெளிய போயிட்டு வந்துடறேன்."

இதில் ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கிளப்புகளில் இது வழக்கம். ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பாத்ரூம் போக வேண்டும், போன் பேச வேண்டும் என்றால் பக்கத்தில் நிற்கிறவரிடம் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். வாங்கியவர் அவருக்காக ஆடலாம். ஒன்று மட்டும் செய்யக் கூடாது. ஸ்கூட் விடக் கூடாது. அதாவது, போதும் என்று சீட்டைக் கீழே போட்டு ஆட்டத்திலிருந்து விலகக் கூடாது. நிறுத்துகிற உரிமை சொந்தக்காரனுக்குத்தான். அவன் வரும்வரை ஆடித்தான் ஆக வேண்டும்.

மாப்பிள்ளை ஏணியிலிருந்து இறங்கினார். 'இது என் காசு இல்லை, என் ஆட்டமும் இல்லை. சும்மா பிடித்துக்கொள்ளப் போகிறேன். இதுவா தொடுவது?' அப்படித்தான் நினைத்தாராம். சீட்டாடுகிறவனைத் தவிர வேறு எவனுக்காவது இப்படி ஒரு நியாயம் தோன்றுமா, சொல்லுங்கள்.

உட்கார்ந்தார். எழுந்து போனவர் கதவைத் திறந்த சத்தம் கேட்கவில்லை.

போனில் மணி 2.10.

பதின்மூன்று சீட்டு. கையில் எடுத்ததும் எட்டு மாதம் காணாமல் போய்விட்டது. சீட்டுகள் வெதுவெதுப்பாக இருந்தன. எடுக்கிற ஒவ்வொன்றும் வேண்டியதாக வந்தது. ஒரு வரிசை சேர்ந்தது. இரண்டாவதும் சேர்ந்தது. ஆட்டினில், அதாவது சிவப்பு இதயம் போட்ட ஜாதியில், ஆறு, ஏழு இருந்தன. எட்டு வந்தால் முடிந்தது.

எட்டு வரவில்லை.

"என்ன ஆட்டம் போகுது? எவ்வளவு?" என்று கேட்டார். மேஜையின் நடுவில் காசும் இல்லை, காயினும் இல்லை.

"முடியட்டும். சொல்றோம்" என்றார் ஹெல்மெட்காரர்.

அடுத்த சீட்டு. அதற்கடுத்த சீட்டு. இப்போது ஒரு விஷயம் உறைத்தது. எதிரே இருப்பவர்கள் போடும் சீட்டுகள் மேஜையில் விழும்போது சத்தமே இல்லை. தான் போட்டால் மட்டும் 'டப்' என்று கேட்டது.

அடையாள அட்டைக்காரரைப் பார்த்தார். நெஞ்சு அசையவில்லை. மூச்சுக்கு ஏறி இறங்க வேண்டாமா?

எழுந்திருக்க நினைத்தார். கால் வரவில்லை. கால் வராததற்குப் பேய் காரணமா, அந்த எட்டு காரணமா என்று இன்றுவரை தனக்குத் தெரியாது என்கிறார்.

போன் அதிர்ந்தது. தங்கை. எடுக்கவில்லை.

இன்னொரு சீட்டு…

இன்னொன்று…

மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை செய்தி. பள்ளியிலிருந்து. பாப்பா வாசலைத் தாண்டியதும் தினமும் வருகிற அதே செய்தி.

'உங்கள் குழந்தை தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டார். நேரம் 4.02.'

ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

தந்தையிடம்.

"நான் போகணும்."

நாலு தலைகளும் நிமிர்ந்தன. முதல் தடவையாக.

"ஆட்டம் முடியல."

"இது என் சீட்டு இல்ல."

"யார் கையில இருக்கோ அவன் சீட்டு."

"நான் ஸ்கூட்."

"அடுத்தவன் சீட்டை ஸ்கூட் விடக் கூடாது. தெரியாதா உனக்கு?"

காய்கறிப் பைக்காரர் கட்டை அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினார். மேல் சீட்டின் விளிம்பு லேசாகத் தூக்கியிருந்தது.

சிவப்பு தெரிந்தது.

"எட்டுதான் மச்சான். ஆட்டின் எட்டு. எடுத்திருந்தா முடிஞ்சது" என்று என்னிடம் சொன்னார். "பாப்பாவை எவனோ கூட்டிட்டுப் போறான்னு தெரியுது. அப்பவும் என் கை அந்தச் சீட்டுக்குத்தான் போச்சு. அதை நெனச்சாத்தான் எனக்கு இன்னிக்கும் தூக்கம் வர மாட்டேங்குது." சொல்லிவிட்டு அழுதார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கை கட்டு வரைக்கும் போனது.

நின்றது.

எடுக்கவில்லை. பதின்மூன்று சீட்டையும் மேஜையில் வீசினார்.

"ஸ்கூட்!"

ஓடினார். கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள்… அவர் போட்டபடியே இருந்தது. இழுத்தார். படிகளில் விழுந்து எழுந்தார். கம்பெனி வண்டியை எடுத்தார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார்.

"பாப்பா எங்கே?"

"என்ன சார் விளையாடறீங்க? நீங்கதானே இப்ப கூட்டிட்டுப் போனீங்க?"

"நானா?"

"இதே சட்டை. கையில இதே அழுக்கு."

"எந்தப் பக்கம்?"

வீட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம் கை காட்டினார்.

மூன்றாவது தெரு முனை. பெரிய சாலை. நடுவில் தடுப்புத் திண்டு. அதன் மேல் பாப்பா. தனியாக. இரு பக்கமும் லாரிகள். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி நின்றாள். இன்னும் யாரோ பிடித்திருக்கிற மாதிரி.

மாப்பிள்ளை போய் வாரி எடுத்தார்.

"ஏம்ப்பா பாதியில என் கையை விட்டுட்டுப் போனே?"

அவளைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

"'என் சீட்டைக் கீழே போட்டுட்டான், நான் போகணும்'னு சொன்னே. உடனே காணாமப் போயிட்டே."

"நான்… உன்னை எங்கம்மா கூட்டிட்டுப் போனேன்?"

"ஒரு அக்காவைக் காட்டறேன்னு சொன்னியே. ரொம்ப நாளா தனியா இருக்கா, விளையாட ஆள் இல்லன்னு. உன் கை ஏம்ப்பா அவ்ளோ சுட்டுச்சு?"

பாப்பாவின் உள்ளங்கை சிவந்திருந்தது. நாலைந்து நாள் அப்படியே இருந்தது.

அன்றைக்கே தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சீட்டைத் தொட்டதையும் மறைக்கவில்லை. அவள் பெட்டி கட்டவில்லை. ராத்திரி முழுக்கப் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூதாட்டத்தை விட்டவர்கள் கூடிப் பேசுகிற ஓர் இடத்துக்கு மாப்பிள்ளை இப்போது வாரம் தவறாமல் போகிறார். முதல் இரண்டு வாரம் அவளே கூடப் போய் வாசலில் காத்திருந்தாள்.

ஏணியும் கருவிப் பையும் கிளப்பிலேயே கிடந்தன. மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். நான்தான் போய் எடுத்து வந்தேன். மானேஜரிடம் அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்குத் தான் வந்து தட்டியும் யாரும் திறக்கவில்லை என்று மட்டும் சொல்லி, முதலில் மழுப்பினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வருஷம் ஒருத்தர் அதுல உட்கார்ந்தபடியே போயிட்டார் சார். கையில சீட்டோட. யோசிக்கிறார்னு நெனச்சுட்டு மத்தவங்க ரொம்ப நேரம் காத்திருந்தாங்க."

"தினம் வர்றவரா?"

"முன்னாடி வருவார். விட்டுட்டேன்னு சொல்லிட்டு இருந்தார். அன்னிக்கு அவர் ஆடவே வரல. பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூப்பிடப் போற வழியில சும்மா எட்டிப் பார்த்தார். ஒருத்தன் வெளிய போகணும், கொஞ்சம் பிடிச்சுக்கோன்னு சீட்டைக் கொடுத்துட்டுப் போனான்."

"யாரு அது?"

"தெரியல சார். அதுக்கு முன்னாடியும் அவனை யாரும் பார்த்ததில்ல. அப்புறமும் பார்க்கல."

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனாலும் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு?"

மானேஜர் மூலை மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாலு மணிக்கு அப்பா வந்து கூட்டிட்டுப் போனார்னு ஸ்கூல்ல சொல்றாங்க. அப்ப அவர் இங்கேதான் சார் செத்துக் கிடந்தார். பொண்ணை இன்னும் தேடிட்டு இருக்காங்க."