கன்னிமூலைத் துளை

மே மாதத்தில் மௌனிகாவின் தையல் அறைக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். அடுத்த நிமிடமே அதை மாட்டத் தேடுவார்கள். உள்ளே அப்படி ஒரு வெக்கை.

வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் அந்தப் பழைய மாடி வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது கூரை ஓடாக இருந்தது. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே குனிந்து நடக்கிற உயரத்தில் அட்டாலி. அதன் மேற்குச் சுவரில், தெற்கே ஒதுங்கி, ஒரு காற்றுத் துளை. மேற்கே மலைக் கணவாயிலிருந்து வரும் காற்று அதன் வழியே நுழைந்து ஓட்டுச் சந்துகளில் வெளியேறும். மாடியில், அட்டாலிக்குக் கீழ் அறையில் தையல் மெஷினைப் போட்டாள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கொழிஞ்சாம்பாறையில் தைக்கக் கற்றவள். ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அந்த அறை மட்டும்தான்.

குரங்கு ஓடுகளை உடைக்கிறது என்று புருஷன் ஆனந்தகுமார் அவற்றை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போட்டான். ஓரச் சந்துகளையும் சிமெண்ட் வைத்து அடைத்தான். பிறகு பசு இரண்டு அடுத்தடுத்துச் செத்தன. மாமியார் சரஸ்வதியம்மாள் ஒரு வாஸ்துக்காரரை வரவழைத்தார். தென்மேற்கு கன்னிமூலை, அங்கே ஓட்டை இருந்தால் லட்சுமி எப்படித் தங்குவாள் என்று வந்தவர் கேட்டார். அன்று சாயங்காலமே துளையைச் செங்கல் வைத்துப் பூசினார்கள்.

லட்சுமி தங்கினாளோ என்னவோ, வெக்கை தங்கிவிட்டது.

“அத்தே, மத்தியானம் மேல உக்கார முடியறதில்லீங்க.”

“உன்னைய ஆரு உக்காரச் சொன்னா? கீழ மாட்டுச் சோலி இல்லியா?”

ஆனந்தகுமார் யோசித்தான். அம்மாவும் கோவிக்கக் கூடாது, பெண்டாட்டியும் கோவிக்கக் கூடாது. பொள்ளாச்சியிலிருந்து காற்றில் சுற்றும் வெள்ளி நிறக் குண்டு விசிறி ஒன்றை வாங்கிவந்து கூரை உச்சியில் பொருத்தினான். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

“சுத்துதல்ல?” என்றான் பெருமையாக.

“சுத்துதுங்க. காத்து உள்ள வர வழியே இல்லாம அது எதைங்க வெளிய இழுக்கும்? மூக்கையும் வாயையும் பொத்திட்டு மூச்சு விடச் சொன்னாப்ல இருக்குது.”

“ஒரு மழை பெய்யட்டும், செரியாயிரும்.”

பள்ளி திறக்கும் முன் தைக்க வேண்டிய யூனிஃபார்ம் குவிந்து கிடந்தது. அதோடு பக்கத்துத் தோப்பு ரத்தினசாமியின் மகளுக்குக் கல்யாண ரவிக்கை, சந்தன நிறப் பட்டு. கொக்கி வைக்கும்போது நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. துடைப்பதற்குள் பட்டில் கறை இறங்கிவிட்டது.

ரத்தினசாமியின் மனைவி ரவிக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏம்புள்ள, கோயமுத்தூர்ல குடுத்தா ஏசில உக்காந்து தெக்கறாங்க. நீ என்னடான்னா உப்புக்கண்டம் போட்டுக் குடுக்கற!”

வெட்டாமல் இருந்த துணிகளையும் சுருட்டிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். மௌனிகா படி வரை பின்னால் ஓடினாள். படியில் எதிரே வந்த சரஸ்வதியம்மாள் சிரித்தார்.

“போனாப் போகுது உடு. இனியாச்சும் மாட்டைப் பாரு.”

மௌனிகா நேரே தொழுவத்துக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தாள். ஏணி வைத்து அட்டாலியில் ஏறினாள். முகத்தில் அனல் அறைந்தது. பூசிய இடத்தைப் பார்த்து ஓங்கிக் குத்தினாள். மூன்றாவது குத்தில் செங்கல் பெயர்ந்து வெளியே விழுந்தது. மேற்குக் காற்று புழுதியோடு அவள் முகத்தில் மோதியது. கூரை விசிறியின் சத்தம் மாறி வேகமெடுத்தது.

“அடிப்பாவி! குடி கெட்டுப் போகும்டி!” கீழே முற்றத்திலிருந்து மாமியார்.

“கெடட்டுமுங்க அத்தே! வேர்க்காமக் கெடட்டும்!”

ஆனந்தகுமார் ஓடிவந்து ஏணியில் பாதி ஏறினான்.

“எறங்கு மௌனி. அம்மா அழுவுது.”

“அழுவட்டும். உங்கம்மாளுக்குப் பயந்து ஊட்டையே மூடி வெச்சீங்க. மறுக்காப் பூசுனா மறுக்காவும் ஒடைப்பன். பூசிப் பாருங்க.”

மேலிருந்து காற்று அவன் தலைமுடியைக் கலைத்தது. மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. ஏணியைப் பிடித்தபடி நின்றான். மௌனிகா அவனை ஒதுங்கச் சொல்லி இறங்கினாள். கையிலிருந்த செங்கல் தூளைக் கழுவிவிட்டு மெஷினில் உட்கார்ந்து, ஒரு யூனிஃபார்மை ஊசிக்குக் கீழே வைத்தாள்.

பால் கறக்கும் நேரம் வரை சரஸ்வதியம்மாள் திட்டினார். திறந்த துளை வழியாக ஒவ்வொரு வார்த்தையும் மேலே தெளிவாகக் கேட்டது. மௌனிகா கேட்டுக்கொண்டே மெஷினை மிதித்தாள்.