புது பிரேக்கில் வந்த குரல்

ஷெட்டில் மட்டுமல்ல, அந்தத் தெரு முழுக்க அவருக்கு மாப்ளே என்றுதான் பெயர். அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவர் அவருடைய மனைவியின் அண்ணன் ஒருவர்தான். இருவரும் சேர்ந்து நடத்திய கார் ஷெட் அது. மச்சான் எஞ்சின் பார்ப்பார், இவர் பிரேக் பார்ப்பார். வண்டிக்கு அடியில் படுத்தபடி மச்சான் "மாப்ளே, ஸ்பேனர் எடு!" என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி, எதிர்க்கடை பேட்டரிக்காரரில் தொடங்கி எல்லோர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. இவரும் முதலில் முறைத்துப் பார்த்தார், பிறகு ஊரெல்லாம் மாமனார் வீடுதான் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மச்சானுக்குத் தொண்டையில் நோய் வந்தது. குரல் தேய்ந்துகொண்டே போய், கடைசியில் வார்த்தை உதிர்ந்து முனகல்தான் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமானாலும், ஜன்னலைச் சாத்த வேண்டுமானாலும், மாப்ளே வீட்டுப் பின்னறையிலிருந்து "மா...ம்ம்...ளே" என்று ஓர் இழுவை வரும். மெலிதாகத் தொடங்கி, நடுவில் கனத்து, சட்டென்று அறுந்துபோகும். ஒரு மழைக்காலத்தில் அதுவும் நின்றது.

அவர் ஓட்டிய சாம்பல் நிறக் கார் தங்கைக்கு, மாப்ளேயின் மனைவிக்கு, வந்தது. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் அவள் குரலுக்குச் சுவரே நடுங்கும் என்பார்கள். அந்தக் காரில் ஏறினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். தூங்குகிற குழந்தையை மடியில் வைத்திருப்பவள் போல அத்தனை மெதுவாக ஓட்டுவாள்.

பிரேக் பேட் தேய்ந்திருந்ததால் மாப்ளே முன் சக்கரங்களுக்குப் புது டிஸ்க்கும், அதைக் கவ்வி நிறுத்தும் புது பேடும் போட்டுக் கொடுத்தார். சில நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவள் நடந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வண்டி எங்க?"

"தெரு முனையில விட்டுட்டேன். பிரேக் பிடிச்சா சத்தம் வருது."

"புது பேட் கொஞ்சம் கத்தத்தான் செய்யும். செட் ஆயிடும்."

"கத்தல் இல்லைங்க." அவள் பார்வை பின்னறைக் கதவுக்குப் போனது. "அண்ணன் முனகுற மாதிரி இருக்கு."

மாப்ளே சாவியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஷெட்டில் சக்கரங்களைக் கழற்றினார். பேடை அசையாமல் பிடிக்கும் கிளிப் சரியாக உட்கார்ந்திருந்தது. பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகரும் பின்களில் கிரீஸ் இருந்தது. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகடு எங்கும் உரசவில்லை. எல்லாவற்றையும் துடைத்து மாட்டி, பெரிய சாலையில் ஓட்டி, பலமுறை அழுத்திப் பிரேக் பிடித்துப் பார்த்தார். மூச்சுக்கூட இல்லை. சரியாகிவிட்டது என்று மனைவியிடம் கொடுத்தார். இரண்டு வாரத்தில் அவள் மறுபடி நடந்து வந்தாள்.

இந்த முறை முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு, பேட்டரிக்காரரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். பட்டப்பகல். மின்சாரம் போயிருந்ததால் தெருவில் எந்த இயந்திரமும் ஓடவில்லை. மாப்ளே இடது சக்கரத்தைக் கையால் சுழற்றினார்.

"பெடல்ல கால மெல்ல வைங்க. இன்னும் மெல்ல."

சக்கரம் வேகம் குறைந்தது. டிஸ்க்கிலிருந்து மெலிதாக ஒரு முனகல் கிளம்பி, கனத்து, அறுந்தது.

பேட்டரிக்காரர் நெருப்பை மிதித்தவர் போலக் காலை எடுத்தார். கீழே இறங்கியபோது அவர் கைமயிர் சிலிர்த்து நின்றது.

"மாப்ளே, இது உங்க மச்சான் இல்ல?"

வீட்டில் பேசியதை இவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"கடையில ஆள் நிக்குது, வரேன்" என்று பேட்டரிக்காரர் போனார். கடையில் ஈ, காக்கை இல்லை.

மாப்ளே தனியாகப் பேடைக் கழற்றினார். அதன் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. அதைப் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது. புது பேட் பழக வேண்டுமானால் சில முறை நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். எப்போதும் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தால் அதன் முகம் மெருகேறி வழுக்கும், சத்தமும் போடும், அவசரத்துக்கு நிற்கவும் நிற்காது. இவர் பழக்கிக் கொடுத்ததை அவள் கால் கெடுத்திருக்கிறது. வலித்துவிடுமோ என்பது போலல்லவா அவள் மிதிக்கிறாள்.

பேடின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்தார், டிஸ்க்கையும் தேய்த்துத் துடைத்தார். ஞாயிறு காலை மனைவியை ஓட்டச் சொல்லி, மூடிக் கிடந்த ஆலைக்குப் பின்னால் போகும் ஆளில்லாத சாலைக்குக் கூட்டிப் போனார். பனிமூட்டத்தில் ஆலைச் சுவர் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"வேகமா போய் அழுத்திப் பிடி. முழுசா நிக்கறதுக்கு முன்னாடி விட்டுடு. மறுபடி வேகம் எடு."

"நீங்களே பண்ணுங்களேன்."

"நான் பண்ணா உன் கால்ல வந்து மறுபடியும் கெடும். நீதான் பழக்கணும்."

முதல் மிதி அரை மனதாக விழுந்தது. காலுக்கடியிலிருந்து அந்த இழுவை வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டபோது மாப்ளேவுக்குப் பின்னறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

"இன்னும் அழுத்து."

அழுத்தினாள். முனகல் கொஞ்சம் குறுகியது. அடுத்த மிதியில் இன்னும் குறுகியது. அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"அவர் வாயைப் பொத்துற மாதிரி இருக்குங்க."

"வெறும் இரும்பு அது. மிதி."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு மிதித்தாள். இருவரும் முன்னால் சாய்ந்தார்கள். வண்டி குலுங்கி நின்றே விட்டது. அப்போதுதான் கேட்டது. முனகல் இல்லை. நோய் வருவதற்கு முந்தைய குரல், அடைப்பில்லாமல், அவசரமாக, வண்டிக்கு அடியிலிருந்து: "மாப்ளே!"

"என்ன மச்சான்?" என்றார் மாப்ளே. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பேட் சூடேறிய கருகல் வாடை ஜன்னல் வழியே வந்தது. வெளியே பனி நகரவில்லை.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் கேக்கல. கூப்பிட்டாரு, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். மாப்ளே இறங்கி, குனிந்து, வண்டிக்கு அடியில் பார்த்தார். ஈரமான தார்ச்சாலை மட்டும் இருந்தது. பிரேக் ஆறட்டும் என்று கொஞ்ச தூரம் பெடலைத் தொடாமல் ஓட்டச் சொன்னார். திரும்பும் வழியில் அவள் நன்றாக அழுத்திப் பிடித்தாள். வண்டி சத்தமே இல்லாமல் நின்றது.

அதன் பிறகு அந்தச் சத்தம் வரவில்லை. டீச்சர் தினமும் அதே காரில்தான் பள்ளிக்குப் போகிறாள், எல்லோரையும் போல மிதிக்கிறாள். வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. பேட்டரிக்காரர் இப்போதெல்லாம் இவரை "சார்" என்கிறார்.

சில வருடம் கழித்து அந்த பேடும் தேய்ந்தது. மாப்ளே காரை வேறொரு தெருவில் இருக்கும் ஷெட்டுக்கு ஓட்டிப் போனார்.

"பிரேக்குக்கு நீங்க இங்க வர்றீங்களா? உங்க கையிலயே மாத்தலாமே?" என்று அந்த மெக்கானிக் சிரித்தார்.

"மாத்திட்டு, நல்லா ஓட்டிப் பழக்கிட்டுக் குடுங்க" என்றார் மாப்ளே.

"நீங்களும் ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"வேணாம். நீங்களே போயிட்டு வாங்க."

அந்தக் கார் தெருவைத் தாண்டும் வரை அவர் ஷெட்டுக்குள் நின்று, சும்மா கிடந்த காற்றடிக்கும் கம்ப்ரசரின் சுவிட்சைப் போட்டு இரையவிட்டார், வெளியே எதுவும் கேட்காதபடி.