பூசையில் வைத்த கேம் புத்தகம்

என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அன்று அஜக்ஸ் நகரத்தில் உள்ள எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. பிள்ளைகள் தங்கள் புத்தகங்களைச் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். அப்படி வைத்தால் மறுநாள் காலைவரை எடுத்து வாசிக்கக்கூடாது என்பது வழக்கம். என் ஒன்பது வயது மகள் அபி கடைசியாக வந்து தன் கதைப்புத்தகத்தை வைத்தாள். கட்டைகளை அடுக்கி உலகம் கட்டுகிற வீடியோ கேமை வைத்து எழுதிய சிறுவர் நாவல் அது.

மச்சாள் அதை இரண்டு விரலால் தூக்கி சோபாவில் போட்டார்.

"உது கேம் புத்தகமெல்லோ! கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வா பிள்ளை."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அபி தலையைக் குனிந்துகொண்டாள். நான் போய்ப் புத்தகத்தை எடுத்து, அடுக்கின் உச்சியில் வைத்தேன்.

"மச்சாள், இவள் தானாவே எடுத்து வாசிக்கிற முதல் புத்தகம் இது. இது இங்கதான் இருக்கும்."

"சரஸ்வதிக்கு முன்னால கேமோ?"

"ஓம், கேம்தான்."

பூசை முடிந்து அவல் சாப்பிடும்போது அபி என் சீலையை இழுத்தாள்.

"அம்மா, ப்ளீஸ், லாஸ்ட் சாப்டர் மட்டும். நாளைக்கு வரைக்கும் வெயிட் பண்ண ஏலாது."

அங்கே இருந்த அத்தனை புத்தகங்களில் ஒரு பிள்ளை விடியட்டும் என்று தவித்தது அந்த ஒன்றுக்காகத்தான். மச்சாளுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்:

"ஏலாது ராசாத்தி. பூசையில வைச்ச புத்தகத்தில கை வைக்கக்கூடாது."